பிறந்த பிள்ளை முதல் பாட்டி வரை: வளர்ச்சி பற்றி குமுளிப் பக்கம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேரள எல்லையில் குமுளி, வண்டிப்பெரியாறு லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்களும் சரி, கீழே தமிழ்நாட்டுக் கூடலூர், கம்பத்திலிருந்து விடிகாலை ஜீப்பில் ஏலத்தோட்டத்துக்கு ஏறி வரும் பெண்களும் சரி, கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அங்கன்வாடியில் எடை போடும் நாளில் பாதி நேரம் இதற்கே போய்விடும். ஒருவருக்குச் சொன்னது மற்றவருக்கும் உதவட்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். எதற்குப் பொறுத்திருக்கலாம், எதற்கு உடனே டாக்டரிடம் போக வேண்டும் என்று பிரித்துப் பார்க்கத்தான் இது.

"பிறந்தப்ப 2 கிலோ 900 இருந்தான். நாலாம் நாள் 2 கிலோ 700-ன்னு சொல்றாங்க. எனக்குப் பால் பத்தலையா டீச்சர்?"

பயப்பட ஒன்றுமில்லை. பிறந்த முதல் சில நாளில் உடம்பிலிருக்கும் கூடுதல் நீர் வெளியேறுவதால் எல்லாப் பிள்ளைக்கும் எடை கொஞ்சம் இறங்கும். பத்து முதல் பதினான்கு நாளுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். ஐந்தாம் நாளிலிருந்து தினம் ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போகிறதா என்று பாருங்கள். போகிறதென்றால் பால் போதுகிறது. சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், தேன் எதுவும் வேண்டாம். பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தாலோ, பால் குடிக்கக்கூட எழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ அன்றைக்கே காட்டுங்கள்.

அப்புறம் வளர்ச்சி வேகமாக இருக்கும். ஐந்து மாதம் வாக்கில் பிறந்த எடை இரண்டு மடங்காகும், ஒரு வயதில் மூன்று மடங்கு. பிறக்கும்போது சுமார் 50 சென்டிமீட்டர் நீளம் இருக்கும் பிள்ளை முதல் பிறந்தநாளுக்கு 75 சென்டிமீட்டரைத் தொடும். வாழ்நாளில் வேறெந்த ஆண்டிலும் மனித உடம்பு இப்படி வளர்வதில்லை.

"மூணு மாசப் பிள்ளை. காலையில ஜீப் ஏறினா சாயங்காலம்தான் வீடு. மாமியார் பசும்பால் குடுக்கலாம்ங்கிறாங்க."

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை. வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை குடிக்க வைத்துவிட்டு, சுத்தமாகக் கழுவிக் கொதிக்க வைத்த எவர்சில்வர் கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி மூடி வைக்கலாம். சாதாரண அறைச் சூட்டில் நான்கு மணி நேரம் கெடாது. ஃபிரிட்ஜ் இருந்தால் நாள் முழுக்கத் தாராளமாக வைக்கலாம். பாட்டி அதைப் பாலாடையிலோ ஸ்பூனிலோ கொடுக்கட்டும். தோட்டத்தில் மார்பு கட்டிக்கொண்டால் மதியம் ஒரு தடவை பீய்ச்சிவிடுங்கள், இல்லையென்றால் பால் சுரப்பு குறைந்துவிடும்.

இன்னொன்று. தோட்டங்களுக்கும் பேறுகாலச் சட்டம் பொருந்தும். முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் முதல் இரண்டு பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. நாள்கூலி என்று சொல்லி இதை மறுத்தால் சும்மா இருக்காதீர்கள். யூனியனிலோ தொழிலாளர் அலுவலகத்திலோ கேளுங்கள்.

"குறுக்கு எப்ப ஆரம்பிக்கலாம்? அமிர்தம் பொடி நல்லதா, நம்ம ஊர் சத்துமாவு நல்லதா?"

குறுக்கு, அதாவது குழந்தைக்குக் காய்ச்சும் கூழ், ஆறு மாதம் முடிந்ததும் ஆரம்பிக்கலாம். இரண்டுமே நல்லவைதான். கேரள அங்கன்வாடியில் கொடுக்கும் அமிர்தம் பொடி குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் தயாரிப்பது, ஆறு மாதம் முதல் மூன்று வயது வரைக்கானது. தமிழ்நாட்டுப் பக்கம் சத்துமாவு. ராகிக் குறுக்கு, ஏத்தங்காய் (நேந்திரன்) பொடிக் குறுக்கு, பருப்பு மசித்த சோறு, எட்டு மாதத்தில் இட்லி, வெந்த முட்டை என்று மெல்லச் சேர்த்துக்கொண்டே போங்கள். குறுக்கு ஸ்பூனைச் சாய்த்தால் சட்டென்று ஒழுகாத பதத்தில் இருக்க வேண்டும். தண்ணீராகக் கரைத்தால் வயிறு நிறையும், சத்து இருக்காது. ஒரு வயதுக்குள் தேன் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒரு கிருமி சிறு குழந்தைக்கு ஆபத்து.

"பக்கத்து லயத்துப் பிள்ளை பத்து மாசத்துல நடந்துச்சு. எம்பிள்ளைக்கு பதினாலு ஆச்சு, இன்னும் சுவரைப் பிடிச்சுத்தான் நிக்கிறா."

இந்தியா உட்பட ஆறு நாடுகளில் நல்ல உணவும் பராமரிப்பும் கிடைத்த குழந்தைகளை உலக சுகாதார நிறுவனம் பல ஆண்டுகள் அளந்து பார்த்தது. 2006-இல் முடிவு வந்தது. அதன்படி ஒரு குழந்தை பிடிக்காமல் நடக்கத் தொடங்கும் காலம் எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை நீள்கிறது. பத்திலும் சரி, பதினாறிலும் சரி, இரண்டும் நல்ல வளர்ச்சிதான். முன்னால் நடந்த பிள்ளை பின்னால் கெட்டிக்காரனாகும் என்பதற்கும் ஆதாரமில்லை. நம் பிள்ளைத்தமிழ் மரபிலும் தளர்நடையிட்டு வரும் வருகைப் பருவம் ஒரு வயதைத் தாண்டித்தான் வருகிறது.

வரிசை முக்கியம். நான்கு மாதத்தில் கழுத்து நிற்கிறதா, ஒன்பது மாதத்தில் தானாக உட்கார்கிறதா, அப்புறம் பிடித்து நிற்கிறதா என்று பாருங்கள். பதினெட்டு மாதம் முடிந்தும் நடக்கவில்லையென்றால், அல்லது ஒரு பக்கத்துக் கை காலை மட்டும் பயன்படுத்தினால், அல்லது முன்பு செய்ததை இப்போது செய்யாமல் விட்டால், காத்திருக்க வேண்டாம்.

பிள்ளையை உள்ளே உட்கார வைத்து உருட்டும் வாக்கரை வாங்கிக் கொடுக்காதீர்கள். அது நடையைச் சீக்கிரம் கொண்டுவருவதில்லை. லயத்து வாசல் படியில் உருண்டு தலை உடைவதுதான் நடக்கிறது. பிள்ளை நின்று தள்ளும் மர நடைவண்டி வேறு, அது நல்லது.

"என் மகன் தவழவே இல்லை, நேரா எழுந்து நின்னுட்டான். குறையா?"

குறையில்லை. சில பிள்ளைகள் புட்டத்தாலேயே நகர்ந்து போவார்கள், சிலர் தவழாமலே நிற்பார்கள்.

"ஒன்பது மாசமாச்சு, ஒரு பல்லுகூட முளைக்கலை."

ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் முதல் பல் வருவதே வழக்கம். மூன்று வயதுக்குள் இருபது பால் பல்லும் வந்துவிடும். பதினெட்டு மாதம் வரை ஒன்றுமே வராவிட்டால் காட்டலாம். பல் முளைப்பதால்தான் பேதி, காய்ச்சல் என்று விட்டுவிடாதீர்கள். பேதிக்கு வேறு காரணம் இருக்கும்.

"ஒரு வயசு வரைக்கும் நல்லா சாப்பிட்டான். இப்ப ஒரு வாய்க்கு மேல வாங்க மாட்டேங்கிறான், இளைச்சுட்டே போறான்."

எடை போடும் நாளில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். முதல் ஆண்டில் ஆறு கிலோவுக்கு மேல் ஏறிய பிள்ளை இரண்டாம் ஆண்டில் இரண்டு முதல் மூன்று கிலோதான் ஏறும். வளர்ச்சி வேகம் குறையும்போது பசியும் குறைகிறது. போதாததற்கு நடை வந்துவிட்டது, உலகம் முழுக்க அவன் கைக்கு எட்டுகிறது, சோற்றுக்கு உட்கார நேரமில்லை. கொழுகொழு கன்னம் வற்றி உயரம் கூடும்போது நம் கண்ணுக்கு இளைத்ததாகத் தெரியும். கண்ணை நம்பாதீர்கள், தராசை நம்புங்கள்.

அப்புறம் கட்டன் சாயா, அதாவது பால் சேர்க்காத தேநீர். தேயிலைக் காட்டில் இருப்பதாலோ என்னவோ, ஒன்றரை வயதுப் பிள்ளைக்கும் காலையில் சாயாவும் பிஸ்கட்டும் கொடுத்துவிடுகிறோம். அது பசியை அடைத்துவிடும். சாயாவில் இருக்கும் துவர்ப்பு, சோற்றிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது. ரத்தம் குறைந்த பிள்ளைக்குப் பசியும் எடுக்காது. சாயாவை நிறுத்திய சில வாரத்தில் சோறு கேட்க ஆரம்பித்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். திணிக்காதீர்கள், ஃபோனைக் காட்டி ஊட்டாதீர்கள். நாளைக்கு ஐந்து தடவை கொஞ்சம் கொஞ்சமாக வையுங்கள், எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும்.

"கார்டுல புள்ளி மஞ்சளுக்கு வந்துருச்சு. நாங்க ரெண்டு பேரும் குட்டைதான், அதனாலதானே?"

ஐந்து வயதுக்குள் அந்தக் காரணத்தை நான் ஏற்பதில்லை. முன்னே சொன்ன ஆறு நாட்டு ஆய்வில் தெரிந்த பெரிய விஷயமே இதுதான்: நல்ல உணவு கிடைத்து அடிக்கடி நோய் வராமல் இருந்தால், எந்த நாட்டுப் பிள்ளையும் ஐந்து வயது வரை ஏறக்குறைய ஒரே மாதிரி வளர்கிறது. பெற்றோர் உயரத்தின் பங்கு பிற்பாடுதான் பெரிதாகத் தெரியும். வளர்ச்சி அட்டையில் பச்சை இயல்பு. மஞ்சள் என்றால் எடை குறைவு, கவனிக்க வேண்டும். அதற்கும் கீழே போனால் டாக்டர்.

ஒரு மாதப் புள்ளியைவிடக் கோடு போகும் திசை முக்கியம். பச்சையின் கீழ்ப்பகுதியிலேயே இருந்தாலும் சீராக மேலே ஏறும் கோடு எனக்குக் கவலை தருவதில்லை. பச்சையின் நடுவில் இருந்துகொண்டு இரண்டு மூன்று மாதம் தட்டையாக ஓடும் கோடு கவலை தரும். அந்தப் பிள்ளைக்குப் பேதியோ பூச்சியோ மூத்திரத் தொற்றோ இருக்கலாம், அல்லது வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் இருக்கலாம்.

"பொறந்தது கம்பம், இப்ப இருக்கிறது குமுளி. ஊசி எங்க போடணும்?"

எங்கே இருக்கிறீர்களோ அங்கே. அரசுத் தடுப்பூசி அட்டவணை இரண்டு பக்கமும் அடிப்படையில் ஒன்றுதான்: பிறந்தவுடன், 6, 10, 14 வாரங்கள், 9 மாதம், 16 முதல் 24 மாதம். அட்டையைத் தொலைக்காதீர்கள். கடைசி ஊசி எப்போது என்று அதைப் பார்த்தால்தான் தெரியும். தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

"வீட்ல தமிழ், அங்கன்வாடில மலையாளம். ரெண்டு வயசாச்சு, பேச்சே சரியா வரலை. தமிழை விட்டுட்டு மலையாளம் மட்டும் பேசவா?"

வேண்டாம், தயவுசெய்து விடாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு வராமல் போவதில்லை. இரு மொழிப் பிள்ளைகளும் முதல் சொல்லை ஒரு வயது வாக்கில்தான் சொல்கிறார்கள். நாம் கணக்குப் போடுவதில்தான் பிழை வரும். தமிழில் இருபத்தைந்து சொல், மலையாளத்தில் முப்பது சொல் தெரிந்த பிள்ளையைப் பார்த்து அம்மா "இருபத்தைந்துதான் பேசுறா" என்பார், டீச்சர் "முப்பதுதான்" என்பார். இரண்டையும் கூட்டுங்கள், ஐம்பத்தைந்து. இரண்டு வயதில் மொத்தம் ஐம்பது சொல்லும், "அம்மா வா", "வெள்ளம் வேணும்" (மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்) போல இரண்டு சொல் சேர்த்தலும் இருந்தால் போதும். அந்த "வெள்ளம் வேணும்"-இல் எது எந்த மொழி என்று கவலைப்படாதீர்கள். கலந்து பேசுவது குழப்பமில்லை, கையிலிருக்கும் சொல்லை எடுத்துப் பயன்படுத்துகிறாள். நான்கைந்து வயதில் யாரிடம் எதைப் பேசுவது என்று தானே பிரித்துக்கொள்வாள்.

புதிதாக அங்கன்வாடிக்கு வரும் தமிழ்ப் பிள்ளைகள் சில மாதம் அங்கே வாயே திறக்காமல் இருப்பதும் உண்டு. கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வீட்டில் வழக்கம்போலப் பேசினால் அது கவலைக்குரியதில்லை. பெற்றோருக்குச் சரளமாக வராத மொழியில் பேச ஆரம்பித்தால் பேச்சு சுருங்கிவிடும். "வா, போ, இரு" என்ற அளவில் நின்றுவிடும். கதை சொல்லவும் கொஞ்சவும் கோபிக்கவும் உங்களுக்கு எந்த மொழி வருமோ அதில்தான் பிள்ளைக்கு நிறையச் சொல் கிடைக்கும். இடுக்கியின் தேவிகுளம், பீர்மேடு பக்கம் இப்படித் தமிழ் பேசும் வீட்டில் வளர்ந்து மலையாளத்தில் நன்றாகப் படித்து வேலைக்குப் போனவர்கள் எத்தனையோ பேர்.

அதே நேரம் "இரண்டு மொழி, அதான் தாமதம்" என்று சொல்லி உண்மையான தாமதத்தை மறைத்துவிடவும் கூடாது. ஒரு வயதில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, விரல் நீட்டிக் காட்டவில்லை, பதினாறு மாதத்தில் எந்த மொழியிலும் ஒரு சொல்கூட இல்லை, கண்ணைப் பார்ப்பதில்லை என்றால் முதலில் காது சோதனை செய்யுங்கள். பிறகு மனவளர்ச்சிச் சோதனை. 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் குழந்தை நலப் பரிசோதனைத் திட்டத்தில் பதினெட்டு வயது வரை இந்தச் சோதனைகளுக்குக் காசில்லை. இரண்டு வயதுக்குள் ஃபோன், டிவி வேண்டாம். திரை பேசும், ஆனால் பிள்ளை சொல்வதற்குப் பதில் சொல்லாது.

"ஒன்பது வயசுதான் ஆகுது. ஒரு பக்கம் மட்டும் மார்பு கட்டி மாதிரி இருக்கு, தொட்டா வலிக்குதுங்கிறா. கேன்சரா இருக்குமோ?"

இது பெரும்பாலும் மார்பு வளர்ச்சியின் தொடக்கம். ஒரு பக்கம் முதலில் வருவதும் தொட்டால் வலிப்பதும் சாதாரணம், சில மாதத்தில் அடுத்த பக்கமும் வரும். பெண் பிள்ளைகளுக்கு 8 முதல் 13 வயதுக்குள் இது தொடங்கும். தொடங்கி இரண்டு, இரண்டரை ஆண்டில் பெரும்பாலும் வயதுக்கு வருவார்கள். எட்டு வயதுக்கு முன்பே தொடங்கினாலோ, பதிமூன்று ஆகியும் மார்பு வளர்ச்சியே இல்லையென்றாலோ, பதினைந்து ஆகியும் மாதவிடாய் வரவில்லையென்றாலோ குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

அந்த இரண்டு ஆண்டுக்குள் அம்மா பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். பள்ளிக்கூடத்துக் கழிப்பறையில் ரத்தத்தைப் பார்த்து நடுங்கி நிற்கும் பிள்ளைக்கு அப்போது சொல்வது தாமதம். சடங்கு செய்வது உங்கள் விருப்பம். ஆனால் தனியறையில் உட்கார வைத்து வாரக்கணக்கில் பள்ளியை நிறுத்தாதீர்கள். உளுந்தங்களி நல்லது. பச்சை முட்டையை அப்படியே குடிக்கக் கொடுக்காமல் வேக வைத்துக் கொடுங்கள். பள்ளியில் வாரம் ஒரு தடவை கொடுக்கும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையைக் கட்டாயம் போட வையுங்கள். முதல் இரண்டு ஆண்டு மாதவிடாய் முன்பின்னாக வருவது இயல்பு.

"வயசுக்கு வந்துட்டா அப்புறம் உயரவே மாட்டாளாமே?"

வளர்வாள், ஆனால் குறைவாக. பெண் பிள்ளைகள் வேகமாக உயரும் காலம் மாதவிடாய்க்கு முந்தைய ஓராண்டு. அதற்குப் பிறகு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் வரை உயரலாம். அதனால்தான் மேலே சொன்ன எட்டு வயது எல்லையை வலியுறுத்துகிறேன். மிகச் சீக்கிரம் பருவமடைந்தால் எலும்பின் வளர்முனைகள் முன்கூட்டியே மூடிக்கொள்ளும். வகுப்பில் இப்போது உயரமாகத் தெரியும் பிள்ளை பெரியவளானதும் குட்டையாக நின்றுவிடுவாள்.

"மகன் ஒன்பதாவது படிக்கிறான். கிளாஸ்ல எல்லாரையும் விட குட்டை. டப்பா மாவு வாங்கிக் குடுக்கவா?"

பையன்கள் பெண் பிள்ளைகளைவிட இரண்டு ஆண்டு பிந்தித்தான் பாய்ந்து வளர்வார்கள், பதினான்கு வாக்கில். சிலருக்கு இன்னும் தாமதம், அப்பாவோ மாமாவோ "நானும் பிளஸ் டூவில்தான் வளர்ந்தேன்" என்பார். பருவமாற்றத்தின் எந்த அடையாளமும் பதினான்கு வயதாகியும் இல்லையென்றாலோ, ஆண்டுக்கு நான்கு சென்டிமீட்டர்கூட உயரவில்லையென்றாலோ காட்டுங்கள். கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்தாலே இது தெரிந்துவிடும்.

எவ்வளவு உயரம் எதிர்பார்க்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அப்பா, அம்மா உயரத்தைக் கூட்டி, பையனுக்கு 13 கூட்டி, பெண்ணுக்கு 13 கழித்து, இரண்டால் வகுக்க வேண்டும். அப்பா 165, அம்மா 148 என்றால் பையன் 163, பெண் 150. எட்டு சென்டிமீட்டர் முன்பின் இருக்கலாம். டப்பா மாவு எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது. அந்தக் காசுக்கு முட்டையும் பாலும் பயறும் வாங்கலாம்.

"இருபத்தஞ்சுக்கு மேல வளர்ச்சி இல்லைதானே, அப்புறம் எல்லாம் இறக்கம்தானா?"

உயரம் நின்றுவிடும், ஆனால் முடிவெடுக்கவும் பொறுமை காக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டிருக்கும். பதினாறு வயது மகனின் கோபத்தைப் பார்த்துக் கை ஓங்குபவர்கள் இதை நினைத்துக்கொள்ளுங்கள். எலும்பு முப்பது வயது வாக்கில்தான் முழு பலம் பெறும். அதன் பிறகு தசையும் எலும்பும் மெல்லக் குறையும். நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து வரும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரேஷன் கார்டைப் படிப்பதில் பெருமை ஒன்றுமில்லை.

"நாப்பத்தாறு ஆகுது. இந்தக் குளிர்லயும் காய் எடுக்கும்போது திடீர்னு மூஞ்சி, நெஞ்செல்லாம் எரியுது, வேர்த்துக் கொட்டுது. ராத்திரி தூக்கமில்லை."

மாதவிடாய் நிற்கும் பருவம். நம் நாட்டுப் பெண்களுக்கு நாற்பத்தைந்தைத் தாண்டி வருவதே வழக்கம். கோபம், அழுகை, தூக்கமின்மை, சூடு பரவுதல் எல்லாம் இதில் அடங்கும். வீட்டில் உள்ளவர்களிடம் சொல்லுங்கள், பலரும் சொல்லாமலே தாங்குகிறார்கள். மிகவும் தொந்தரவாக இருந்தால் மருந்து இருக்கிறது. தொடர்ந்து பன்னிரண்டு மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டதாகக் கணக்கு. அதுவரை கருத்தரிக்க வாய்ப்புண்டு என்பதை மறக்காதீர்கள்.

நாற்பதுக்கு முன்பே நின்றுவிட்டால் காட்ட வேண்டும். நின்று ஓராண்டு கழித்து ஒரு சொட்டு பட்டாலும் உடனே காட்ட வேண்டும், இதில் தள்ளிப்போடவே கூடாது. "தொந்தரவாக இருக்கிறது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம்" என்று யாராவது சொன்னால், இன்னொரு டாக்டரிடமும் கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

"அம்மா வரவரக் குட்டையாகுறாங்க, முதுகும் கூனுது. வயசானா அப்படித்தானே?"

நாற்பதுக்கு மேல் பத்தாண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக் குறைவது இயல்பு. அதைவிட வேகமாகக் குறைந்தால் முதுகெலும்பு நசுங்கியிருக்கலாம், அது வலிக்காமலும் நடக்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு வேகமாக மெலிகிறது. எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். கைப்பிடி இல்லாத படியும் வழுக்கும் குளியலறையும்தான் இவர்களுக்கு முதல் எதிரி, குறிப்பாக நம் மழைக்காலத்தில்.

"பாட்டிக்கு எழுபத்தெட்டு. அம்பது வருஷமா மலையாளம் பேசினவங்க, இப்ப கடைக்காரர்கிட்டயும் தமிழ்லதான் பேசுறாங்க. பணத்தை எங்க வச்சோம்னு மறக்குறாங்க. வயசுதானே?"

பணம் வைத்த இடம் மறந்து, தேடி, பிறகு நினைவுக்கு வந்தால் அது வயது. பணத்தை எண்ணத் தெரியாமல் போனால், தினம் போகும் கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நின்றால், கேட்டதையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்டால், அது வயது மட்டுமில்லை. மறதிநோய் முதுமையின் இயல்பான பகுதி கிடையாது, எண்பதைத் தாண்டியும் தெளிவாக இருப்பவர்கள்தான் அதிகம்.

பாட்டி தமிழுக்கு மட்டும் திரும்புவதும் கவனிக்க வேண்டிய அடையாளம். இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு மறதிநோய் வரும்போது பின்னால் கற்ற மொழி முன்னதாகத் தளர்வதும், சிறு வயது மொழி தங்குவதும் உண்டு. மலையாளத்தில் பேசச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தமிழ் தெரிந்த ஒருவர் கூடப் போங்கள், இல்லையென்றால் கேட்ட கேள்வி புரியாததையே மறதி என்று எழுதிவிடக்கூடும். பி12 குறைவு, தைராய்டு, காது கேளாமை, மனச்சோர்வு இவற்றாலும் இதே மாதிரி மறதி வரும். இவற்றையெல்லாம் சோதித்துக் கண்டுபிடிக்கலாம், பெரும்பாலும் சரியும் செய்யலாம். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று பார்க்க, வீட்டிலிருக்கும் எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.